தண்ணீர் காட்டிப் பிடித்த குதிரை

சின்னம்மா குதிரை பிடிக்கப் போகிறார் என்ற கதை பரவியதும் நெடுந்தீவில் எங்கள் வட்டாரம் முழுவதும் சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையிலா இருந்தேன்? அது எனக்காகப் பிடிக்கிற குதிரை. பிடிபட்டால் நான் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

மூன்று வயதில் எனக்கொரு காய்ச்சல் வந்தது. போகும்போது என் இடது காலின் பலத்தையும் கொண்டு போய்விட்டது. முதலிரண்டு வகுப்புக்கும் ஐயா என்னைத் தோளில் வைத்துக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பின்னேரம் வந்து தூக்கிக்கொண்டு போவார். பிறகு அவர் வன்னியில் காணி செய்யப் போய்விட்டார். அம்மாவின் இடுப்பில் தம்பி இருந்தான். பள்ளிக்கூடமோ இரண்டரை மைல், வழியெல்லாம் காலைக் குத்தும் முருகைக்கல். ஆகவே எட்டு வயதில் நான் படிப்பை விட்டு வீட்டில் இருந்தேன். எனக்கு அது பெரிய மனவருத்தம் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அந்த நினைப்பைக் கெடுக்கவில்லை. அம்மா யாருக்காவது என் கதையைச் சொல்லிக் கண் கலங்கும்போது முகத்தை நன்றாகத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பேன்.

உண்மை என்னவென்றால், எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம். இடைவேளையில் பெடியன்கள் வரிசையாக நின்று என்னைப் போலவே காலை இழுத்து இழுத்து நடந்து காட்டுவார்கள். பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். வீட்டில் அந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை. தம்பியை வெருட்டலாம், காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் கடிக்கலாம், மத்தியானம் நித்திரை கொள்ளலாம். ராசாத்தி மாதிரி இருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

அந்த ராச்சியத்தில் மண்ணைப் போட்டவர் சின்னம்மா. அம்மாவின் தங்கை; எங்களோடுதான் இருந்தார். முப்பதை எட்டிக்கொண்டிருந்தார், கலியாணம் சரிவரவில்லை. அதிகம் பேசமாட்டார். பேசினால் அந்த விஷயம் அதோடு முடிந்தது என்று அர்த்தம். ஒரு நாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்:

"இவளை இப்பிடியே விட்டால் என்னைப் போலத்தான் வருவாள், அக்கா. கையெழுத்துக் கேட்கிற இடத்திலையெல்லாம் பெருவிரலை நீட்டிக்கொண்டு நிப்பாள். நான் ஒரு குதிரை பிடிக்கப் போறன்."

அம்மா முதலில் சிரித்தார். பிறகு சின்னம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

எங்கள் தீவின் தெற்கு வெளியில் மட்டக்குதிரைகள் கூட்டங்கூட்டமாக நிற்கும். எந்தக் காலத்திலோ வெளிநாட்டார் கொண்டுவந்து விட்டுப்போன குதிரைகளின் பரம்பரை. அவற்றுக்குச் சொந்தக்காரர் இல்லை. ஆனால் ஒரு வழக்கம் இருந்தது. கயிறு போட்டுப் பிடித்துத் தன் வளவுக்குள் கொண்டுவந்து சேர்ப்பவருக்கு அந்தக் குதிரை சொந்தம். வளவை விட்டு ஓடினால் சொந்தமும் ஓடிவிடும். அடுத்துப் பிடிப்பவருக்கு அது புதுக் குதிரை. இன்னொருவர் வளவுக்குள் போய் மட்டும் எவரும் கைவைக்கக் கூடாது. பொலிஸ் இல்லாமல், வழக்கு இல்லாமல், எல்லாரும் இதை மதித்தார்கள்.

பிடிப்பது ஆம்பிளைகள். சோளகக் காற்று வீசித் தீவு காய்ந்து கிடக்கும் மாதங்களில், தாகத்தில் குதிரைகள் களைத்திருக்கும் நேரம் பார்த்து, நாலைந்து பேராகப் போய்ச் சுருக்குக் கயிறு வீசுவார்கள். கழுத்து இறுகி விழுந்த பிறகு கட்டி இழுத்து வருவார்கள். இரண்டு நாள் பட்டினி, நாலு அடி, அதோடு குதிரை பழகிவிடும் என்பது கணக்கு. இதில் பேர் போனவர் எங்கள் ஒழுங்கையில் இருந்த வண்டில்கார அண்ணை. சின்னம்மாவின் எண்ணத்தைக் கேட்டு அதிகம் சிரித்தவரும் அவர்தான்.

சின்னம்மா கயிறு கொண்டு போகவில்லை. ஒரு அலுமினியச் சட்டியில் தண்ணீர் கொண்டுபோனார்.

அந்தக் கோடையில் ஒரு சின்னப் பெட்டைக் குதிரை கூட்டத்தில் இருந்து விலகி எங்கள் பக்கம் வந்து திரிந்தது. செம்மண் நிறம். முன்னங்காலில் பழைய கயிறு அறுத்த வடு. யாரோ முன்பு பிடிக்கப் பார்த்துத் தப்பியிருக்கிறது. சின்னம்மா தினமும் மத்தியானம், வெளி தொடங்கும் இடத்தில் சட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிடுவார். குதிரை குடித்த பிறகு போய்ச் சட்டியை எடுத்து வருவார். அடுத்த நாள் பத்து அடி இங்கால் வைப்பார். அதற்கடுத்த நாள் இன்னும் பத்து அடி. எங்கள் வளவுக் கிணறு சவர். குதிரைக்குக் கூட அது பிடிக்காது. ஆகவே நல்ல தண்ணீர்க் கிணற்றில் வீட்டுக்குக் கிடைக்கிற குடங்களில் தன் பங்கைத்தான் கொண்டுபோனார். தான் சவர்த் தண்ணீரைக் குடித்தார். "எனக்கு உப்புப் பிடிக்கும்" என்று சொல்லுவார். நானும் அப்படியே நம்பினேன். சின்னம்மாவுக்கு உப்புப் பிடிக்குமென்று பள்ளிக்கூடத்தில் பிறகு ஒருத்திக்குச் சொல்லியும் இருக்கிறேன்!

ஒரு மாதத்துக்கு மேல் இப்படிப் போனது. சட்டி ஒழுங்கைக்கு வந்தது, ஒழுங்கையில் இருந்து படலைக்கு வந்தது, கடைசியில் படலையைத் தாண்டி வளவுக்குள் இருந்த கல்தொட்டிக்கு வந்தது. அந்தக் குதிரை தொட்டியில் வாய் வைத்த அன்று சின்னம்மா மெல்லப் பின்னால் போய்ப் படலையைச் சாத்தினார். அந்தக் கதையில் அவர் செய்த ஒரே கள்ள வேலை அதுதான். குதிரை திரும்பிப் பார்த்து நெஞ்சளவு கல்வேலியைச் சுற்றி ஓடு ஓடென்று ஓடியது. சின்னம்மா தொட்டியருகிலேயே குந்தியிருந்தார். பின்னேரம் அது களைத்து வந்து திரும்பவும் தண்ணீர் குடித்தது.

அதன் பிறகு கயிறு. வடுப்பட்ட குதிரை, கயிற்றைக் கண்டாலே பின்னங்காலில் எழும்பும். சின்னம்மா புதுக் கயிறொன்றைத் தன் இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டார். சமைக்கும்போதும் கயிறு, கூட்டும்போதும் கயிறு, படுக்கும்போதும் கயிறு. தன்னுடைய வேர்வை மணம் அதில் ஏறவேண்டுமாம். கோயிலுக்குப் போகும்போதாவது அதைக் கழற்றச் சொல்லி அம்மா கெஞ்சினார். புங்குடுதீவில் இருந்து சின்னம்மாவைப் பெண் பார்க்க வந்தவர்களும் அந்தக் கோலத்தில்தான் அவரைக் கண்டார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர்கள் பிறகு ஒரு சேதியும் அனுப்பவில்லை. அம்மா இரண்டு நாள் சின்னம்மாவோடு கதைக்கவில்லை. எனக்கு அது நல்ல சேதியாகத்தான் இருந்தது. சின்னம்மா போய்விட்டால் எனக்கு ஆர் தலை இழுத்துப் பின்னி விடுவது?

மூன்றாவது கிழமை அந்தக் கயிறு குதிரையின் கழுத்தில் கிடந்தது. குதிரை அதை மணந்து பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றது. சின்னம்மா அதை "அவ" என்றுதான் சொல்லுவார். அவ சாப்பிட்டா, அவ கோவிச்சுக்கொண்டு நிக்கிறா. என்னைக்கூட "இவள்" என்பவர், குதிரைக்கு மட்டும் மரியாதை கொடுத்தார்.

கடைசிப் பாடம் சுமை. ஒரு நாள் சின்னம்மா என்னைத் தூக்கினார், இறக்கினார், ஒரு சாக்கில் மணல் போட்டு அதைத் தூக்கினார். இன்னும் கொஞ்ச மணல் போட்டார். திரும்பவும் என்னைத் தூக்கினார். கை சரி என்று சொன்னதும் சாக்கின் வாயைக் கட்டிக் குதிரையின் முதுகில் வைத்தார். அன்று முதல் என்னுடைய இடத்தில் அந்தச் சாக்கு சவாரி போனது. சும்மா சொல்லக்கூடாது, என்னைவிட நிமிர்ந்துதான் இருந்தது. சாக்கு ஒரு தரமும் விழவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் தவணை தொடங்க ஒரு கிழமைதான் இருந்தது. பள்ளிக்கூடத்து வரிசை, இழுத்து இழுத்து நடக்கும் பெடியன்கள், எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன.

அப்போதுதான் அந்த வேலையைச் செய்தேன்.

மத்தியானம். சின்னம்மா நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போயிருந்தார். அம்மா கொல்லைப்பக்கம் தம்பியைக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தார். நான் முற்றத்து மணலில் இழுத்து இழுத்து நடந்துபோய்ப் படலையைத் திறந்துவிட்டேன். குதிரை பார்த்தது, போகவில்லை. பனைமட்டையை ஆட்டினேன். என்னிடம் தண்ணீர் இருக்கிறதோ என்று கையை மணக்க வந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. குனிந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். அது அந்தப் பழைய வடு இருந்த காலிலேயே பட்டது. குதிரை ஒரு சத்தம் போட்டது. அப்படி ஒரு சத்தத்தை அதனிடம் நான் அதற்கு முதல் கேட்டதில்லை. பிறகு படலையால் பாய்ந்து ஒழுங்கையில் ஓடிவிட்டது. நான் திரும்பி வந்து திண்ணைப் பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

சின்னம்மா குடத்தோடு வந்தது பாயில் கிடந்த எனக்குத் தெரிந்தது. கண்ணைக் கொஞ்சமாய்த் திறந்து பார்த்தேன். அவர் திறந்து கிடந்த படலையைப் பார்த்தார். முற்றத்தைப் பார்த்தார். கன நேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடத்தை இறக்கிவைத்துவிட்டு, விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைக் கூட்டத் தொடங்கினார். குதிரை ஓடிவிட்டது, இந்த மனுசி வேகிற வெயிலில் முற்றம் கூட்டுகிறாரே என்று நான் அதிசயப்பட்டேன். ஒரு காலின் தடமும் அதன் பக்கத்தில் ஒரு கோடுமாக, பாயில் இருந்து படலைவரை போய்வந்தது யார் என்று அந்த மணல் சொல்லிக்கொண்டிருந்ததை நான் யோசிக்கவில்லை. வளர்ந்த பிறகு ஒருநாள் கடற்கரையில் நடந்துவிட்டுத் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்கு அது விளங்கியது. அங்கேயே மணலில் இருந்துவிட்டேன்.

அம்மா வந்து கத்தினார். யார் படலையைத் திறந்தது என்று கேட்டார்.

"நான்தான். போகேக்க கொளுவ மறந்துபோனன்" என்றார் சின்னம்மா.

அம்மா விடவில்லை. மூன்று மாதப் பாடு ஒரு மறதியில் போய்விட்டதென்றார், ஊர் இனி முழுக்கச் சிரிக்குமென்றார், ஓடிப்போய்த் தேடச் சொன்னார். வண்டில்கார அண்ணை கயிற்றோடு வெளிப்பக்கம் ஓடியதைக் கண்டதாகவும் சொன்னார். வெளியே நிற்கிற குதிரை பிடிக்கிற யாருக்கும் சொந்தம் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் பிடித்தால் பிடித்ததுதான்.

சின்னம்மா தேடப் போகவில்லை. கொண்டுவந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார். குடத்தின் அடியைத் தட்டிக் கடைசித் துளியையும் ஊற்றினார். பிறகு தொட்டியருகில் குந்தினார். படலை திறந்தபடியே கிடந்தது. நான் பாயில் எழுந்திருந்து அந்தப் படலையையே பார்த்தேன். எனக்கு வெற்றி என்றல்லவா இருக்கவேண்டும்? அந்தக் குதிரை போட்ட சத்தம்தான் காதுக்குள் நின்றது. பிள்ளையாரே, அதை ஒருக்கால் திருப்பி அனுப்பிவிடு, நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகிறேன் என்று நேர்ந்தேன்.

ஒரு மணித்தியாலம் சென்றிருக்கும். ஒழுங்கையில் குளம்புச் சத்தம் கேட்டது. குதிரை படலையால் உள்ளே வந்தது. வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, கழுத்தில் இறுகிய சுருக்குக் கயிறு. அந்தக் கயிறு இருபது முழத்துக்குப் பின்னால் மண்ணில் இழுபட்டு வந்தது. நேரே தொட்டிக்குப் போய் வாயை வைத்தது. சின்னம்மா எழும்பவில்லை. கையை மட்டும் நீட்டி, குடிக்கிற குதிரையின் கழுத்தில் இருந்த சுருக்கை இளக்கினார்.

பின்னால் வண்டில்கார அண்ணை இளைக்க இளைக்க வந்து சேர்ந்தார். இரண்டு உள்ளங்கையும் உரிந்து சிவந்திருந்தன. படலைக்கு வெளியே நின்றுவிட்டார். வழக்கத்தை அவரும் மீறவில்லை.

"கயிறு போட்டது நான், பிள்ளை. என்ர கையில இருந்துதான் இழுத்துக்கொண்டு வந்தது" என்றார்.

சின்னம்மா கயிற்றை முழுவதும் கழற்றி, மடித்துச் சுருட்டி, படலையடிக்குக் கொண்டுபோய் இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார்.

"ஓம் அண்ணை. உங்கட கயிறு."

"அது தண்ணிக்கு வந்தது. உம்மட்டை வந்ததெண்டு நினைக்காதையும்."

"நானும் அப்பிடித்தான் நினைக்கிறன், அண்ணை. உங்களுக்கும் கொஞ்சம் தண்ணி தரட்டோ? களைச்சுப் போனியள்."

அவர் முறைத்தார். பிறகு வாங்கிக் குடித்தார். சவர்த் தண்ணீர்தான், நல்ல தண்ணீர் தொட்டிக்குள் போய்விட்டதே. முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். அடுத்த கோடையில் அதே மனுசன் தன்னுடைய குதிரைக்குட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து, இதையும் ஒருக்கால் பழக்கித் தாரும் பிள்ளை என்று படலையடியில் நின்றது வேறு கதை.

வெயில் சாய்ந்ததும் நான் எழும்பித் தொட்டியடிக்குப் போனேன். நானாக அங்கே போனது அன்றுதான் முதல் தடவை.

"சின்னம்மா, நான் நாளைக்கு ஏறிப் பாக்கட்டோ?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. குதிரையின் முன்னங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கல்லுப்பட்ட காயம் கிடக்கு. ஆறட்டும். நாலு நாளைக்கு நீ வேப்பெண்ணெய் பூசிவிடு. பிறகு ஏறு."

கல்லுப்பட்ட காயம்! கல்லைப் பற்றி அவருக்கு யார் சொன்னது? அதற்கு மேல் அவர் அன்றும் கேட்கவில்லை, என்றைக்கும் கேட்கவில்லை. நாலு நாளும் எண்ணெய் பூசினேன். முதல் நாள் என் கையைக் கண்டு குதிரை காலை இழுத்தது. எனக்கு அழுகை வந்தது. நாலாம் நாள் காலை என் மடியில் வைத்துக்கொண்டு நின்றது. அன்று சின்னம்மா அதன் கழுத்தில் இருந்த தன்னுடைய கயிற்றையும் எடுத்துவிட்டார். படலையை இனிக் கொளுவத் தேவையில்லை என்றார். இத்தனை நாளும் அப்படி விட்டுப் பார்க்கத் தனக்குத் துணிவு வரவில்லை என்று அம்மாவிடம் அவர் சொன்னதை நான் கேட்டேன். என் கெட்ட வேலையில் இப்படியொரு நன்மை இருந்ததை நினைக்க இன்றைக்கும் வெட்கமும் சிரிப்பும் சேர்ந்துதான் வருகின்றன.

தவணை தொடங்கிய அன்று சாக்கு வீட்டில் நின்றது, நான் போனேன். சின்னம்மா முன்னால் நடந்தார். குதிரை அவரின் தோளை மணந்து மணந்து பின்னால் நடந்தது. நான் அதன் பிடரிமயிரைப் பிடித்துக்கொண்டு மேலே இருந்தேன். பள்ளிக்கூட வாசலில் இடைவேளைப் பெடியன்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். முன்பு எனக்கு முன்னால் நொண்டி நடந்து காட்டியவன் வந்து, குதிரையை ஒருக்கால் தொடட்டோ என்று கேட்டான். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். ஒரு கிழமை யோசித்தேன்.

மூன்று வருடம். காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பூவரசமரத்தடியில் குதிரையோடு சின்னம்மா இருப்பார். பாய் பின்னுவார், குதிரைக்குச் சிடுக்கு எடுப்பார். மணி அடிக்கும்வரை எங்கும் போகமாட்டார். 'குதிரைக்காரி' என்று ஊர் அவருக்குப் பேர் வைத்தது. அதற்குப் பிறகு பெண் பார்க்க ஒருவரும் வரவில்லை. அவருக்குக் குதிரை என்றால் உயிர், அதனால்தான் அதை விட்டுப் போக மனமில்லாமல் இருக்கிறார் என்று நான் நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் நான் சித்தியடைந்தேன். யாழ்ப்பாணத்தில் விடுதியோடு பள்ளிக்கூடம் கிடைத்தது. லோஞ்சு ஏறும் நாள் சின்னம்மா என்னைக் குதிரையில்தான் துறைக்குக் கொண்டுவந்தார். நான் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். சின்னம்மா பெட்டியை லோஞ்சுக்காரரிடம் கொடுத்து, பிள்ளைக்குக் கால் ஏலாது, பிடிச்சு இறக்கிவிடுங்கோ என்று இரண்டு தரம் சொன்னார். லோஞ்சு விலகியபோது நான் கையசைத்தேன். குதிரைக்குத்தான் அசைத்தேன்.

நான் படித்தேன். படித்துப் பிறகு படிப்பித்தேன். என் பேரைப் பெருவிரலை நீட்டாமல் எழுதுகிறேன். இதெல்லாம் யார் தந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு மனுசியும் ஒரு குதிரையும் தந்தது. கடவுளுக்கு நன்றி சொல்லும்போதெல்லாம் முதலில் அவர்கள் இரண்டு பேரையும்தான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த முதல் தவணையில் எனக்கு இருந்த அறிவு இவ்வளவுதான். விடுதிக்கு வந்த அம்மாவின் முதல் கடிதத்தில், நான் போன மறுநாளே சின்னம்மா குதிரையைத் தெற்கு வெளிக்குக் கொண்டுபோய் அதன் கூட்டத்தோடு விட்டுவிட்டார் என்றிருந்தது. எனக்கு வந்த ஆத்திரம்! என்னுடைய குதிரையை யாரைக் கேட்டு விட்டீர்கள், அது சாப்பிடுகிறதா, காயம் கீயம் பட்டிருக்கிறதா, என்னைத் தேடுகிறதா என்று இரண்டு பக்கம் சின்னம்மாவுக்கு எழுதிப் போட்டேன். அம்மா அதை வாசித்துக் காட்டியிருக்கவேண்டும். பதில் அம்மாவின் கையெழுத்தில் வந்தது. சின்னம்மா சொல்லச் சொல்ல எழுதியது:

"அவ தன்ர ஆக்களோட சந்தோஷமாய் நிக்கிறா. நீ ஒண்டுக்கும் யோசிக்காதை. நான் ஒவ்வொரு நாளும் மத்தியானம் நடந்துபோய்ப் பாத்துப்போட்டு வாறனான். எனக்கு இப்ப வேற வேலை இல்லைத்தானே."

குதிரை சுகம் என்று வாசித்ததும் எனக்கு மனம் ஆறிவிட்டது. கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளோடு விளையாடப் போனேன்.